வேப்பம் பலகை முறுக்குகிறதா? முதலில் வெயிலை விட்டு எடுங்கள்

வீட்டு வேப்பமரத்தை மில்லில் 1 அங்குலப் பலகையாக அறுத்து மொட்டைமாடியில் சாய்த்து வைத்தீர்கள், இரண்டே வாரத்தில் முனை பிளந்து முறுக்கிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தைக் குறை சொல்லாதீர்கள், வெயில்தான் காரணம். ஈரம் மற்ற பக்கங்களைவிட வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை முந்திச் சுருங்க, நடுப்பகுதி இடம் கொடுக்காது. அதனால் பிளக்கிறது.

இன்றே காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள். தரையிலிருந்து 1 அடி உயரத்தில் ஒரே மட்டமாகக் கட்டைகள் போட்டு, அதன்மேல் படுக்கையாக அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு இடைவெளிக்கு முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர்மேலே இருக்க வேண்டும். நான் முதல்முறை கண்டபடி வைத்து, பலகையெல்லாம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது! உச்சியில் நாலைந்து ஹாலோ பிளாக் பாரம் ஏற்றுங்கள். முனைகளுக்கு மிச்சமிருக்கும் எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் போதும்.

மரத்தின் நடுத்தண்டு ஓடும் பலகை எப்படியும் வெடிக்கும். அதை மட்டும் நீளவாக்கில் கிழித்துவிடுங்கள்.

அப்புறம், காய்ந்ததா என்று பார்க்க ஒரு பலகையில் குறி போட்டு மாதம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றபிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.