பாகல் பந்தல் மூலைக்கால் உள்ள சாயுது, கல்லை மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, ஒன்றரை ஏக்கர் பாகல் பந்தல், கல்லுக்கால், 6 அடி உசரம். வடகிழக்கு மூலை கொஞ்சம் குறுகலான மூலை, அங்க இருக்குற கால் மட்டும் உள்ள சாயுது. வடக்கு வரிசைக் கம்பிக்கு நேராவே வெளிய ஸ்டே (கால வெளிப்பக்கமா இழுத்துப் புடிக்கிற கம்பி) கட்டிருக்கேன், பாதை போகுதேன்னு அதக் கட்டுற முளைய காலுலேர்ந்து 3 அடி தள்ளியே அடிச்சிட்டேன், மழை பெஞ்சா அதுவும் மேல கிளம்புது. கடைக்காரர் பெரிய கல்லா போடுங்கன்றாரு. போடலாமா?

பதில்: வேணாம் தம்பி. பெரிய கல்லு போட்டா அதுவும் சாயும், கொஞ்சம் லேட்டா சாயும், அவ்ளோதான். கல்லு விக்கிறவர்ட்ட கேட்டா கல்லுதான் சொல்வாரு.

நீங்க கேக்க வேண்டியது ரெண்டு கம்பிக்கும் நடுவுல என்ன கோணம்னு. காலுலேர்ந்து ரெண்டு கம்பிலயும் 10 அடி அளந்து குறி போடுங்க, குறிக்குக் குறி டேப் புடிங்க. 14 அடி 2 அங்குலம் வந்தா சரியான 90 டிகிரி. 11½ அடி வந்துச்சுன்னு வைங்க, அதுல பாதி 5.75, அத 10ஆல வகுத்தா 0.575, போன் கால்குலேட்டர்ல சைன் இன்வர்ஸ் போட்டா 35, ரெண்டு மடங்கு 70 டிகிரி. ஒவ்வொரு கம்பியும் 200 கிலோ இழுத்தா 90 டிகிரி மூலைல மொத்த இழுவை 283 கிலோ, 70ல 328. குறுகல் மூலை மட்டும் ஏன் சாயுதுன்னு இப்ப புரியுதா? அந்த இழுவை ரெண்டு கம்பிக்கும் நட்டநடுவுல உள்ள போகுது, நீங்களோ ஒரு கம்பிக்கு மட்டும் ஸ்டே குடுத்துட்டு இன்னொன்ன அம்போன்னு விட்டுட்டீங்க. அந்த டேப்போட மையத்துலேர்ந்து கால் வழியா வெளிய ஒரு கயிறு புடிங்க, ஸ்டே அந்தக் கோட்டுலதான் வரணும். முளை 6 அடி தள்ளி. 3 அடியில அடிச்சா அதே 328 கிலோவுக்கு முளைய மேல தூக்குற இழுவை ரெண்டு மடங்கு, 656 கிலோ, அப்புறம் மழைய திட்டி என்ன பிரயோஜனம்? பாதைய வேணா நகத்துங்க.

இன்னொன்னு, நான் எங்க போனாலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிற விஷயம். கம்பிய வீணை நரம்பு மாதிரி முறுக்காதீங்க. பந்தல் போடுற காண்ட்ராக்டர் புல்லர் (கம்பி இழுக்குற கருவி) வச்சு இழுத்து, தட்டிக் காமிச்சு, டிங்குன்னு சத்தம் வந்தாதான் காசு வாங்குவாரு, நாமளும் சத்தத்துக்குக் காசு குடுப்போம். 12 அடி இடைவெளில நடுவுல 20 கிலோ தொங்கும்போது கம்பி 6 அங்குலம் தொய்ஞ்சா இழுவை சுமார் 120 கிலோ, 2 அங்குலம்தான் தொய்வேன்னு முறுக்கி வச்சிருந்தா அதே 20 கிலோவுக்கு 360. காய் எடை ஒண்ணுதான், தொய்வு மூணுல ஒண்ணா குறைஞ்சதால கம்பி மூணு மடங்கு இழுக்குது, அத்தனையும் மூலைக்காலுக்குத்தான் போகுது. வடக்கு, கிழக்கு ரெண்டுல எது டைட்டா இருக்கோ அது பக்கமா சாய்வும் திரும்பும், அப்ப ஸ்டே கோடும் மையத்துல நிக்காது, அதனால மொதல்ல ரெண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்திட்டு அப்புறம் கோடு புடிங்க.

காய் இருக்கும்போது கம்பில கை வைக்காதீங்க, பழைய ஸ்டேவையும் அவுக்காதீங்க, அறுப்பு முடியட்டும். அதுவரைக்கும் உள்பக்கம் ஒரு சவுக்குக் கம்ப சாய்ச்சு முட்டு குடுத்துடுங்க.