வாசகர் கேள்விகள்: இருளர் கூட்டுறவும் சூளைப் பிள்ளைகளும்

கேள்வி: பாம்பு பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்கிறார்கள். அப்படியிருக்க, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினர் பாம்பு பிடித்து விஷம் எடுப்பதை இயற்கைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?
- வாசகர் ஒருவர், மதுராந்தகம்

பதில்: உயிர்காக்கும் மருந்து தயாரிப்பதற்காகப் பாம்பு விஷம் சேகரிக்க அனுமதி அளிக்கலாம் என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே இடம் தருகிறது. அந்த அனுமதியின்கீழ்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது.

இது பாதுகாப்பாகுமா என்பதை அறிய, சங்கத்துக்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். அன்று செங்கல்பட்டு வட்டார இருளர்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். பாம்பு கொல்லப்பட்டது, பிடித்தவருக்குச் சொற்பக் காசு கிடைத்தது, லாபமெல்லாம் தோல் பதனிட்டவர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போனது. தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது அந்தச் சொற்பக் காசும் நின்றது. தடை சரியானதே, ஆனால் அதன் சுமை முழுவதையும் ஏழைக் குடிசைகள்மீது இறக்கியது நியாயமில்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-இல் இருளர்களையே உறுப்பினர்களாகக் கொண்டு சங்கம் அமைந்த பிறகு, அதே கைத்திறன் உயிரோடிருக்கும் பாம்புக்கு மதிப்புத் தேடித் தந்தது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டுமே சங்கத்தினர் கொண்டுவருகிறார்கள். எலி வளையின் வாயில் பதிந்த தடத்தையும் உரித்த சட்டையையும் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லிவிடக்கூடிய அறிவு, பெற்றோருடன் வயல்வரப்பில் நடந்து நடந்து பிள்ளைகளுக்கு வந்தது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்துத் துணியால் வாய்கட்டிச் சில வாரங்கள் பராமரித்து, இடைவெளி விட்டுச் சிலமுறை விஷம் எடுத்தபின், அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு உடனே மறுபடி சிக்கினாலும் யாருக்கும் தெரிந்துவிடும். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2000 முதல் 2019 வரையிலான காலத்தை ஆராய்ந்த மதிப்பீடு சொல்கிறது. கடிபட்டவர்களைக் காக்கும் மாற்றுமருந்துக்கு மூலப்பொருளான விஷத்தில் பெரும்பங்கு இச்சங்கத்திலிருந்தே மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றது இந்த அறிவுக்குக் கிடைத்த தாமதமான அங்கீகாரம்.

குறையும் இருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதி ஆணையே தீர்மானிக்கிறது. ஆணை தாமதமானால், பாம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் உறுப்பினருக்கு வருமானம் இல்லை. குடும்பச் செலவுக்கு ஆணை வரும்வரை காத்திருக்கத் தெரியாது. இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இதுபோன்ற சங்கங்களைப் பிற மாநிலங்களிலும் தொடங்கலாமா?
- வாசகர் ஒருவர், புதுச்சேரி

பதில்: தொடங்கவே வேண்டும். ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், ஒரு வட்டாரத்து விஷத்தைக் கொண்டு தயாரித்த மருந்து வேறு வட்டாரத்தில் அதே அளவு பலன் தருவதில்லை. அந்தந்தப் பகுதியில் பாம்பை அறிந்த மக்களையே உரிமையாளராக்கிச் சங்கம் அமைத்தால் மருந்தும் மேம்படும், அவர்களுக்குப் பிழைப்பும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகில் உள்ள செங்கல் சூளையில் இருளர் குடும்பங்கள் தங்கி வேலை செய்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. நோட்டும் துணியும் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
- ஆசிரியை ஒருவர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: நோட்டும் துணியும் கொடுங்கள், ஆனால் அந்தக் குடும்பம் முன்பணம் வாங்கியிருக்கிறதா என்பதை முதலில் பக்குவமாக விசாரியுங்கள். மருத்துவத்துக்கோ திருமணத்துக்கோ வாங்கிய தொகைக்காகக் கணவனும் மனைவியும் சூளையை விட்டு வெளியேற முடியாமல் இருந்தால், அது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் அளிக்கலாம். பிள்ளைகள் வேலை செய்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். மீட்கப்படும்போது விடுவிப்புச் சான்றைக் கட்டாயம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெறுவதற்கும் பிற உதவிகளுக்கும் அதுவே ஆதாரம். கையில் தொழில் இல்லாமல் ஊர் திரும்பும் குடும்பம் அடுத்த ஆண்டும் முன்பணம் வாங்க நேரும் என்பதால், விடுதலையோடு வேலைக்கும் வழி செய்ய வேண்டியிருக்கிறது.

பள்ளியைப் பொறுத்தவரை, வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அதனால் தலைமையாசிரியரிடம் பேசி உடனே சேர்த்துவிடுங்கள். பின்னால் கல்வி உதவித்தொகைக்கும் விடுதிக்கும் சாதிச் சான்றிதழ் தேவைப்படும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர் வழங்குகிறார். ஊர் ஊராக இடம்பெயரும் பெற்றோரால் பலமுறை அலுவலகத்துக்கு அலைய இயலாது, கூலி போய்விடும். விண்ணப்பத்தை நீங்களே எழுதி, ஏற்கெனவே சான்று பெற்ற உறவினரின் நகல் இருந்தால் அதையும் இணைத்து, முதல் நாள் அவர்களுடன் நீங்களும் போங்கள்.