கள்ளக் கிண்ணம்: வாசகர் கேள்விகளுக்கு மாஸ்டரின் பதில்கள்

கேள்வி: மாஸ்டர், என் அக்கா மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ரோயிட் பக்கம் வேலை செய்கிறான். தம்பி மகன் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் படிக்கிறான். ஒரே லயத்தில் உருண்டு வளர்ந்த மச்சான்மார். இப்போது மிச்சிகன் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணி களவாக வென்றது என்று தம்பி மகன், தோற்ற பொறாமையில் பேசுகிறாய் என்று அக்கா மகன். தீபாவளிக்கு எல்லாரும் வீடியோவில் பேசும்போதும் இதே சண்டை. அக்காவும் தம்பியும்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு ஒருவன் மருமகன், மற்றவன் மகன் முறை. அங்கே என்னதான் நடந்தது? யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: உங்கள் கடிதம் இரண்டு நாள் என் மேசையிலேயே கிடந்தது. இந்த மாதிரி வழக்கில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் தோட்டத்து மைதானத்தில் அடிக்கும் பந்து இல்லை. பிரட்பி கேடயத்துக்காக கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் ஆடும் றக்பியைப் பார்த்திருப்பீர்கள், அதற்குத்தான் கிட்டிய உறவு. ஆனால் இதில் ஒவ்வொரு நகர்வும் சில விநாடிகளில் நின்றுவிடும். அடுத்தது என்ன என்பதைப் பயிற்சியாளர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கைச்சைகையாலும் படம் போட்ட அட்டைகளாலும் சொல்வார்கள். அந்தச் சைகையின் அர்த்தம் எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், பந்து எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆட்டம் நடக்கும்போது எதிரணியின் சைகையைக் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்வது அங்கே குற்றமில்லை. றக்பியில் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும் லைன் அவுட்டுக்கு எதிரணி கூப்பிடும் குறிச்சொல்லைக் காதில் வாங்கிக்கொள்வது மாதிரி. ஆனால் இனிமேல் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்க்கக் கூடாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1994இல் அதைத் தடுத்தது. ஊர் ஊராக ஆள் அனுப்பப் பணமில்லாத அணிகளுக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

மிச்சிகன் அணியில் கானர் ஸ்டாலியன்ஸ் என்று ஒரு கீழ்நிலை ஊழியர் இருந்தார். 2021இலிருந்து 2023 வரை பல பேருக்கு டிக்கெட் ஏற்பாடு செய்து, எதிரணிகளின் ஆட்டங்களுக்கு அனுப்பி, கோட்டோரம் நிற்கும் பயிற்சியாளர்களைத் தொலைபேசியில் படம் பிடிக்க வைத்தார். 2023 செப்டெம்பரில் இன்னொரு பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களின் உடையைப் போட்டுக்கொண்டு அவர்களோடே போய் நின்றார். ஒக்டோபரில் விஷயம் வெளியே வந்தது, நவம்பர் தொடக்கத்தில் வேலையை விட்டார். தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தமக்கு எதுவும் தெரியாது என்றே சொல்லிவந்தார். ஆனாலும் அந்தப் பருவத்தின் கடைசி மூன்று வழக்கமான ஆட்டங்களில் மைதானத்துக்கு வரக் கூடாது என்று அவரைத் தடுத்தார்கள்.

மிச்சிகனும் கொலம்பஸில் உள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் 1897இலிருந்து மோதுகிறவர்கள். போட்டி வாரம் வந்தால் ஒஹாயோ மாணவர்கள் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின் மேல் எல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்குக் கோடு ஒட்டுவார்கள், மிச்சிகனின் முதல் எழுத்து என்பதால். அப்படிப்பட்ட ஊரில் இந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள். 2021இல் 42–27, 2022இல் 45–23 என்று தோற்றிருந்தார்கள். அந்த இரண்டு தோல்வியும் களவால் வந்தது என்று அவர்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது.

மிச்சிகன் ரசிகர்களிடமும் பலமான பதில் இருந்தது. ஸ்டாலியன்ஸ் போன பிறகுதான் அவர்கள் ஒஹாயோவை 30–24 என்று வென்றார்கள், அதுவும் ஹார்பா மைதானத்தில் இல்லாமல். பிறகு அலபாமா, வொஷிங்டன் பல்கலைக்கழக அணிகளையும் வென்று, 2024 ஜனவரியில் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியப் பட்டத்தை எடுத்தார்கள். களவுதான் காரணம் என்றால் இது எப்படி என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் 2023 இறுதியில் நேர்மையாக வென்றது 2021இல் என்ன நடந்தது என்பதற்குப் பதில் ஆகாது. எல்லாரும் செய்வதைத்தானே செய்தோம் என்றும் சொன்னார்கள். அந்த வாதத்தை நான் துளியும் ஏற்கமாட்டேன். கொழுந்து நிறுக்கும்போது மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிட்டு, கடைசியில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிறவரிடம் கேட்டால் அவரும் ‘எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான்’ என்பார்.

அப்புறம், ஒஹாயோ பக்கத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. உங்கள் தம்பி மகனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2010 டிசம்பரில் அவர்களுடைய ஐந்து வீரர்கள் தங்கள் மோதிரம், சட்டை, விருதுகளைக் கொடுத்துப் பணமும் பச்சை குத்தலும் வாங்கினார்கள் என்று மாட்டினார்கள். பயிற்சியாளர் ஜிம் ட்ரெசலுக்கு மாதக்கணக்காக முன்பே மின்னஞ்சலில் தகவல் வந்திருந்தது. அவர் மறைத்தார். 2011 மே மாதம் பதவி விலகினார். 2010 பருவத்தின் வெற்றிகள் முழுவதையும் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். அப்போது கைதட்டிச் சிரித்தவர்கள் மிச்சிகன் ரசிகர்கள். பயிற்சியாளருக்காக வாதாடியவர்கள் ஒஹாயோ ரசிகர்கள். பதின்மூன்று வருடம் கழித்து இரண்டு கூட்டமும் இடம் மாறி நின்று, அதே சொற்களைச் சொல்லின.

இனி என் பங்கு. எண்பதுகளில் எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு அணி. மாரியம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள் இரண்டும் மோதும். நான் கீழ்ப்பிரிவுக்குக் கோல் காப்பவன். விதி ஒன்றுதான்: செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் உள்ளவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் மட்டுமே ஆடலாம். அந்த வருடம் எங்கள் அணித்தலைவர் கொழும்பில் கழகத்துக்கு ஆடும் ஒருவரைக் கூட்டி வந்தார். கொழும்பில் கடை வேலைக்குப் போய் இரண்டு வருடமாக ஊர்ப்பக்கமே வராத எங்கள் பையன் ஒருவனின் பெயரில் அவரை இறக்கினார். எங்கள் அணியில் எல்லாருக்கும் தெரியும். 2–1 என்று வென்றோம். இரண்டு கோலும் அவர் போட்டது.

முதல் கோல் விழுந்ததும் ஒலிபெருக்கியில் அந்தப் பையனின் பெயரைச் சொன்னார்கள். அவனுடைய அம்மா மேட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. எழுந்து நின்று, “எம் மகன் வந்துட்டானா?” என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாராம். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவன் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடமும் வந்தார். நான் முழங்கால் சேற்றைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மேற்பிரிவுக்காரர்கள் “கள்ளக் கிண்ணம்! கள்ளக் கிண்ணம்!” என்று கத்திக்கொண்டே மேலே ஏறிப் போனார்கள். அவர்களுடைய முறைப்பாடு எடுபடவில்லை, ஏற்பாட்டுக் குழுவில் எங்கள் பக்கத்து ஆட்கள்தான் கூடுதல். நாங்கள் “தோத்தவனுக்கு வாய் நீளம்” என்று பதிலுக்குக் கத்தினோம். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்களுக்கு எங்கள் மேல் பொறாமை இருந்ததும் மெய்தான். இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக இருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அதனால் மருமகனிடம் சொல்லுங்கள்: ‘பொறாமை’ என்பது பதில் இல்லை. மச்சான் பொறாமையில் சொன்னாலும் சொன்ன விஷயம் நடந்ததா இல்லையா என்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நடந்தது. தம்பி மகனிடம் சொல்லுங்கள்: உன் குற்றச்சாட்டு சரி, ஆனால் 2010ஐயும் சேர்த்துப் பேசு. அடுத்த முறை வீடியோவில் பேசும்போது ஒவ்வொருவனும் தன் அணி செய்த பிழையை முதலில் சொல்லட்டும். நீங்கள் பெரியவராக அங்கே இருந்து அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் சத்தம் போட்டால் போடட்டும், ரசிகர்கள்தானே. அக்காவையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இந்தப் பந்து அவர்களுடையது இல்லை.

கேள்வி: மிச்சிகன் அணி விதியை மீறியது உறுதி என்றால் பட்டத்தை ஏன் பறிக்கவில்லை?
– உயர்தர மாணவர், தலவாக்கலை

பதில்: 2025 ஓகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. ஸ்டாலியன்ஸுக்கு 8 ஆண்டு, ஹார்பாவுக்கு 10 ஆண்டு: அந்தக் காலத்தில் அவர்களை வேலைக்கு எடுக்க நினைக்கும் கல்லூரி என்.சி.ஏ.ஏ. முன் வந்து காரணம் காட்ட வேண்டும். ஹார்பா அதற்குள் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார், அதனால் இப்போதைக்கு அவருக்கு வலிக்காது. பல்கலைக்கழகத்துக்கு 4 ஆண்டு கண்காணிப்பும், எல்லாம் சேர்த்து 2 கோடி டொலருக்கு மேல் வரும் என்று கணக்கிடப்பட்ட அபராதமும். வெற்றிகளில் கைவைக்கவில்லை. ஆடத் தகுதி இல்லாத வீரரை ஆடவைத்தால்தான் அங்கே வெற்றியை அழிப்பார்கள். இதில் தப்பு செய்தவர்கள் வீரர்கள் இல்லை.

பருவ முடிவுப் போட்டிகளில் ஆடத் தடை போடலாம், அதற்குரிய குற்றம்தான் என்று விசாரணைக் குழுவே சொன்னது. ஆனால் இப்போது அணியில் இருக்கும் பிள்ளைகளைத் தண்டிப்பது நியாயமில்லை என்று பணமாக மாற்றியது. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒஹாயோவுக்கு அந்தத் தடையைப் போட்டபோது என்ன நடந்தது தெரியுமா? 2012 அணி 12 ஆட்டமும் வென்றது. ஒரு தோல்வி இல்லை. ஆனால் இறுதிப் போட்டி எதிலும் கால் வைக்க முடியவில்லை. பச்சை குத்திக்கொண்ட ஐந்து பேரும் அப்போது அணியிலேயே இல்லை.

அந்த ஐந்து பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் கொடுத்தது தாங்கள் உழைத்து வாங்கிய மோதிரத்தை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதியையே மாற்றிவிட்டார்கள். லட்சம் பேர் உட்காரும் அரங்கத்தை நிரப்பிய பையன்களுக்கு ஒரு சதமும் கூடாது என்று இருந்த அந்தப் பழைய விதி எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பொய் சொன்ன பயிற்சியாளரை வேறாகவும் மோதிரம் விற்ற பையனை வேறாகவும்தான் நான் பார்க்கிறேன்.

கேள்வி: சைகை களவு போகிறது என்றால் வானொலிக் கருவி வைக்கலாமே?
– பண்டாரவளை வாசகி

பதில்: தொழில்முறை அணிகள் 1994இலிருந்தே தலைக்கவசத்துக்குள் கருவி வைத்துப் பேசுகின்றன. கல்லூரிகளின் முதல்தரப் பிரிவில் 2024இல்தான் அனுமதித்தார்கள், இந்த விவகாரம் வெடித்து அடுத்த பருவத்தில்.

கேள்வி: சேர், நான் பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடுகிறேன். 17 வயதுக்கு உட்பட்ட போட்டியில் எதிரணியில் ஒரு அக்கா வயது கூடினவர் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். தோற்றுவிட்டு வந்து சொன்னோம். “தோத்துட்டு அழுறீங்க” என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் ரீச்சரும் விடச் சொல்கிறார். என்ன செய்வது?
– மாணவி, கொட்டகலை

பதில்: மகள், நீங்கள் சொன்னதில் தப்பில்லை. சொன்ன நேரம்தான் பிந்திவிட்டது. ஆட்டம் முடிந்து அழுதுகொண்டே சொன்னால் நல்ல மனிதர்கள்கூட நம்பத் தயங்குவார்கள். நானே அப்படிக் கத்தியவர்களை நம்ப மறுத்தவன்தான், உண்மை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும்.

அந்த அக்காவின் பெயரைச் சொல்லி மைதானத்தில் யாரும் கூச்சல் போட வேண்டாம். அவரை இறக்கியது பெரியவர்கள். அவரே விருப்பப்பட்டுத்தான் வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த போட்டிக்கு முன்னால் விதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, முறைப்பாட்டை எத்தனை மணிக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். பிறகு இரண்டு அணியினரின் பிறப்புச் சான்றிதழையும் ஆட்டம் தொடங்க முன் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டு அணி என்று கட்டாயம் எழுதுங்கள், உங்களுடையதை முதலில் நீட்டுங்கள். ரீச்சர் கையெழுத்துப் போடத் தயங்கினால் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போங்கள். கடிதத்தில் திகதி போட்டு, ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.