பிரிந்து வாழும் பெற்றோர்: குழந்தைகளுக்கான ஜீவனாம்சத் தொகை எப்படி முடிவாகிறது?

கேள்வி: கணவரைப் பிரிந்து இரண்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். விவாகரத்து ஆகவில்லை. 14 வயது மகளும் 9 வயது மகனும் என்னுடன் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் எனக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம். கணவர் ஈரோட்டில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மனம் வந்தால் ஐயாயிரம் அனுப்புவார். கேட்டால், "நீயும்தானே சம்பாதிக்கிறாய், எனக்குக் கடன் இருக்கிறது" என்கிறார். வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று சட்டம் இருக்கிறதா? நான் எவ்வளவு கேட்கலாம்?

பதில்: அப்படிச் சதவீதம் எதுவும் நம் சட்டத்தில் இல்லை. நான்கில் ஒரு பங்கு என்று பலரும் சொல்வது, 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான தொகை என்று குறிப்பிட்டதிலிருந்து பரவிய கணக்கு. குழந்தைகளுக்கான சூத்திரமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றம் பார்ப்பவை இரண்டு: குழந்தைகளுக்கு உண்மையில் என்ன செலவாகிறது, அதைத் தாங்கும் சக்தி தகப்பனாருக்கு எவ்வளவு இருக்கிறது. இரண்டையும் காகிதத்தில் காட்ட வேண்டியிருப்பதால், உங்கள் வழக்கின் பலம் பெரும்பாலும் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ரசீதுகளில்தான் இருக்கிறது.

முதலில் செலவு. பள்ளிக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மாதத்துக்கு 6,000. வேனுக்கு 1,800, மகளின் டியூஷனுக்கு 1,000, மளிகை, பால், துணிமணி ஆகியவற்றில் இருவரின் பங்கு 9,000, மருத்துவத்துக்கு 1,200, வீட்டு வாடகை 7,500-இல் மூன்றில் இரண்டு பங்காக 5,000. மொத்தம் 24,000. வேன் ஓட்டுநரிடம் ரசீது கேட்டால் சிரிப்பார். ஆகவே அந்தப் பணத்தை இனிமேல் கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள், வங்கிக் கணக்கில் தேதியோடு பதிவாகிவிடும்.

அடுத்தது அவருடைய வருமானம். மாதச் சம்பளக்காரரின் சம்பளச் சீட்டை வரவழைத்துவிடலாம். சொந்தத் தொழில் செய்பவரோ "பட்டறை நஷ்டத்தில் ஓடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். இதற்காகவே உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்தது. அவர் குறைத்துக் காட்டினால், பட்டறையின் மின்கட்டணப் பட்டியல், ஜிஎஸ்டி பதிவு, ஜாப் ஒர்க் பில்கள், வங்கிக் கணக்கு, அவர் பெயரிலுள்ள வாகனம் ஆகியவற்றைக் கொண்டு நீதிபதி ஒரு தொகையை மதிப்பிடுவார். வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களை நீதிமன்றம் கழித்துக்கொள்ளும். தாமாக வாங்கிய தனிநபர் கடனின் தவணையைக் காட்டிக் குழந்தைகளின் தொகையைக் குறைக்கக் கேட்டால் பொதுவாக ஏற்பதில்லை.

நீங்கள் சம்பாதிப்பதால் அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆனால் உங்கள் சம்பளமும் கணக்கில் வரும். தாய்க்குப் போதிய வருமானம் இருந்தால் கல்விச் செலவை இருவரும் வருமானத்துக்கேற்பப் பகிரலாம் என்று மேற்சொன்ன தீர்ப்பே சொல்கிறது. பட்டறை வருமானம் மாதம் 45,000 என்று நிரூபணமானால், உங்களுடைய 15,000-உடன் ஒப்பிட மூன்றுக்கு ஒன்று. அந்த விகிதத்தில் மொத்தச் செலவையே பிரித்தால் அவர் பங்கு 18,000. நீதிபதி இதே கணக்கைப் போடுவார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் காரணத்தோடு கேட்கும் தொகைக்கு உள்ள மதிப்பு, வாய்க்கு வந்த ஐம்பதாயிரத்துக்குக் கிடைப்பதில்லை. சமைத்துப் போட்டு, படிக்க வைத்து, காய்ச்சலில் கண்விழிக்கும் உங்கள் உழைப்பையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞர்கள் பலர் விட்டுவிடும் பத்தி அது.

விவாகரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவின்படி, அதாவது 2024 ஜூலை வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்ததன்படி, எந்த மதத்தினராயினும் மனு செய்யலாம். அதையும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், ஈரோட்டுக்கு அலைய வேண்டாம். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். "வீட்டை விட்டுப் போனவள்" என்ற குற்றச்சாட்டு உங்களுக்கான ஜீவனாம்சத்தில் எதிர்வாதமாக வரலாம். குழந்தைகளின் தொகையை அது தொடாது. மகள் 18 வயதைக் கடந்த பின், நீங்கள் இந்துக்களாக இருந்து அவளுக்குச் சொந்த வருமானம் இல்லையெனில், 1956-ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் திருமணம் வரை தனியே கோரலாம்.

தாமதம் மட்டும் வேண்டாம். ரஜ்னேஷ் தீர்ப்பின்படி, ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும். மனுவுக்கு முந்தைய இந்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வழியில் ஒன்றும் வராது. மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிந்தவரை அதைத் தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் சில வாய்தாக்கள் கூடுதலாகும். அதுவரை அவர் அனுப்பும் ஐயாயிரத்தை மறுக்காமல் வாங்கிக் குறித்து வையுங்கள். செலவு கூடினால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆவது பிரிவில் தொகையை உயர்த்தக் கேட்கலாம்.

உத்தரவுக்குப் பிறகும் அவர் கட்டாவிட்டால், நிலுவையை வசூலிக்க வாரண்ட் கோரி மனு செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு, சிறை சென்றாலும் கடன் தீராது. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். மூன்று ஆண்டுகள் பொறுத்துவிட்டு வருபவர்களுக்கு இந்த வாரண்ட் வழியில் கடைசிப் பன்னிரண்டு மாதப் பாக்கிதான் கிடைக்கும்.