ரோஸ்வுட் எண்ணெய்: இந்த வாரக் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரோஸ்வுட் என்கிற வாசனை எண்ணெய் பற்றித்தான். ராமேஸ்வரம் பக்கம் யாரோ புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்திருக்கிறார்கள் போல.

ரோஸ்வுட் ஆயில் நல்லதா? என்ன விலை? (ஊர் எழுதவில்லை)

எதற்கு நல்லதா? தோலுக்கா, துணிக்கா, எத்தனை மில்லி, ஒன்றும் எழுதாமல் விலை கேட்டால் எப்படி? மீனின் பெயரைச் சொல்லாமல் கிலோ எவ்வளவு என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. முழுசாக எழுதுங்கள், பார்க்கலாம்.

காக்கா, வாப்பா காலத்து ஈட்டிக் கட்டில் ஒடிந்து கிடக்கிறது. ஈட்டிதானே ரோஸ்வுட்? தூளாக்கி வாலையில் வடித்தால் எண்ணெய் வருமா? (கீழக்கரை)

வராது. இதை எத்தனை தடவை எழுதுவது என்று எனக்கே அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்வது டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா, அவரைக் குடும்பத்து மரம், மேசை நாற்காலிக்கு அருமையானது. வாசனை எண்ணெய் தருவது அனிபா ரோசியோடோரா. அமேசான் காட்டு மரம், நம் வீட்டுப் பட்டைக்கும் பிரிஞ்சி இலைக்கும் சொந்தக்காரன். இரண்டுக்கும் பொதுவானது அந்த இங்கிலீஷ் பெயர் ஒன்றுதான். முழு மரத்தை வெட்டி, சிராய் சிராயாக்கி, ஆவியில் வடித்தால் 100 கிலோ மரத்துக்கு 1 கிலோ எண்ணெய் தேறும். பிரெஞ்சு கயானாவில் தொடங்கி பிரேசிலுக்குப் போன தொழில் அது, போன இடத்திலெல்லாம் மரத்தைத் தின்றுவிட்டது, அதனால்தான் 2010-இல், அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட சரக்கு தட்டுக்கடையில் 100 ரூபாய்க்கு வருமா?

போன மாதம் ஒருவர் அப்படி வாங்கிய புட்டியைக் கொண்டுவந்தார். பீட்ரூட் சாறு மாதிரிச் சிவப்பு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மேசையிலேயே வைத்தேன். மறுநாள் காலையில் வடை மடித்த காகிதம் போல எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. நல்ல எண்ணெய் நிறமில்லாமல் அல்லது இளமஞ்சளாக இருக்கும், தாளில் விட்டால் பறந்துவிடும். இந்த எண்ணெயின் முக்கிய மணப்பொருளான லினலூலைச் செயற்கையாகச் செய்து கலந்திருந்தால் அதுவும் பறந்துவிடும் என்பதால் தாளை மட்டும் நம்பவும் முடியாது. லேபிளில் லத்தீன் பெயர் இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். கட்டிலை ஆசாரியிடம் கொடுத்து முக்காலி செய்துகொள்ளுங்கள்; ஈட்டித் தூள் சிலருக்குத் தோலை அரிக்கும், வீட்டில் வைத்து அறுக்க வேண்டாம்.

சித்தர்கள் சொன்ன ரோஸ்வுட் தைலம் என்று விற்கிறார்களே, உண்மையா? (தேவிபட்டினம்)

அமேசான் மரத்தை எந்தச் சித்தர் பார்த்தார்? இது செண்ட்டுக்கும் சோப்புக்கும் போன எண்ணெய். கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் மரம், நுனியில் லேசாக மிளகுக் காரம், அதுதான் மணம். செயற்கை லினலூல் மலிவாக வந்ததும் சோப்புக் கம்பெனிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. இப்போது உயர்ந்த செண்ட்டுகளிலும் மசாஜ் எண்ணெயிலும் மட்டும் மிச்சம் இருக்கிறது.

கடல்பாசி எடுக்கப் போய் விரலெல்லாம் கீறல். இதைத் தடவினால் ஆறும் என்கிறார்கள், அண்ணே. (பாம்பன்)

தடவாதேம்மா. திறந்த புண்ணில் எந்த வாசனை எண்ணெயும் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தத் துணி சுற்றி, சிவந்து வீங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போ. பாறையில் கிழிந்த கீறலைச் சும்மா விடக்கூடாது. ஆறிய பிறகு கை வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெயே போதும். மணம் வேண்டுமென்றால் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 10 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். நேரடியாகத் தோலில் எப்போதும் வேண்டாம்.

அத்தை துபாயிலிருந்து கொண்டுவந்த புட்டி, 4 வருஷம் ஆச்சு, பாதி இருக்கிறது. பயன்படுத்தலாமா? (தொண்டி)

தோலுக்கு வேண்டாம். இதில் பெரும்பங்கு லினலூல்தான், 80 முதல் 90 சதவீதம் வரை. காற்றுப் பட்டுப்பட்டு அது மாறிப்போகும், மாறியது சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் தரும். பாதிப் புட்டி என்றால் மீதிப் பாதி காற்று, அதோடு நம் ஊர் வெயில். இனி வாங்கினால் சின்ன நிறக்கண்ணாடிப் புட்டியாக வாங்கி, பிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஊற்றி வைக்காதீர்கள், கரைத்துவிடும்.

எங்கள் மகளிர் குழுவில் தேங்காய் எண்ணெய் சோப்பு போடுகிறோம். ரோஸ்வுட் சேர்க்கலாமா? (மண்டபம்)

உருப்படியான கேள்வி. லினலூல் காரத்தைத் தாங்கும், சோப்பில் மணம் நிற்கும். ஆனால் காட்டு மரத்தை வெட்டி வந்ததைக் கழுவி விடுவானேன்? ஹோ வுட் எண்ணெய் வாங்குங்கள், கற்பூர மரத்தில் ஒரு வகை, லினலூல் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், விலையும் குறைவு. 1 கிலோவுக்கு 20 மில்லி, கலவை கெட்டிப்படும்போது கடைசியாக ஊற்றுங்கள். ஹோ வுட் ஊற்றிவிட்டு லேபிளில் ரோஸ்வுட் என்று எழுதிவிடாதீர்கள்.

கொசு விரட்டுமா? (சாயல்குடி)

கொசுவலை வாங்குங்கள்.

வெந்நீரில் 2 சொட்டு விட்டுக் குடித்தால் சுகர் குறையுமா? (பெயர், ஊர் இல்லை)

குடிக்காதீர்கள். ஏற்கெனவே குடித்து வயிற்றைப் பிசைகிறது என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காமல், வாந்தி எடுக்க முயலாமல், புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.