நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால்...

வணக்கம் மேடம்,

எனக்கு 28 வயது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தேன், எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். ஐந்து வருஷமாக ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு கம்பெனி பஸ் வரும். வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும்.

ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரைப் பார்த்து அனுப்புவதுதான் என் வேலை. தையல் விட்டிருக்கிறதா, இடது காலும் வலது காலும் ஒரே நிறமா, உண்ணி கடித்த தழும்பு முன்பக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். தோலை உள்பக்கமாக மடக்கி அழுத்தினால் சுருக்கம் விழும் விதத்தை வைத்தே, அது வயிற்றுப் பக்கத் தோலா முதுகுப் பக்கத் தோலா என்று சொல்லிவிடுவேன்.

ஷிப்மென்ட் நெருங்கினால் நான் ஒட்டிய ஸ்டிக்கரை சூப்பர்வைசர் உரித்துப் போட்டுவிட்டு அடுத்த பிரிவுக்கு அனுப்பிவிடுவார். போன மாதம் ஒரு நீல ஷூ ஆர்டரில் நாற்பது ஜோடியை ஒதுக்கி வைத்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேஜை காலி. பிறகு அதே ஆர்டரில் புகார் வந்தது. "செக்கிங்ல உட்கார்ந்து என்ன பண்ணிட்டு இருந்தே?" என்று திட்டு எனக்கு.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைக் கலக்குகிறது. அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றியவர். "நிழல்ல உட்கார்ந்து பார்க்குற வேலை, ஃபேன் ஓடுது, பி.எஃப். பிடிக்கிறாங்க, இதுல உனக்கு என்ன குறை?" என்கிறார். குரூப் 4 எழுதச் சொல்லி அண்ணன் காட்பாடியில் கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி வரவில்லை. மாமா பெண் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறாள், "எனக்கு என் வேலைன்னா உயிர்" என்பாள். அவள் அனுப்பிய ஆன்லைன் டெஸ்ட் ஒன்றைச் செய்து பார்த்தேன். நான் 'சமூக' வகையாம், டீச்சர், நர்ஸ் வேலைதான் பொருந்துமாம்.

அப்போ இந்த ஐந்து வருஷமும் வீணா மேடம்? எந்த வேலையுமே பிடிக்காத குணமா எனக்கு, இல்லை தப்பான வேலையில் மாட்டிக்கொண்டேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேரணாம்பட்டு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த டெஸ்டை முடித்துவிடுவோம். அதன் வேர் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் முன்வைத்த கொள்கை. கைவேலை, ஆராய்ச்சி, கலை, சமூகம், முனைவு, ஒழுங்கு என்று மனிதர்களின் நாட்டத்தை அவர் ஆறாகப் பிரித்தார். ஒருவர் ஒரே வகை என்று அவரே சொல்லவில்லை. இரண்டு மூன்று கலந்துதான் வரும். வகை பொருந்தினால் வேலையில் திருப்தி வருமா என்று பிறகு பலர் பார்த்தார்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் மெலிதானது. நம் ஊரில் பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணமெல்லாம் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். பத்து நிமிஷ ஆன்லைன் டெஸ்டுக்கு அந்த அளவு மரியாதை கொடுத்தால் போதும்.

அடுத்தது மாமா பெண். ஏமி ரெஸ்நெஸ்கி என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலர் கூலிக்காக வேலைக்குப் போகிறார்கள், சிலர் ஏணியில் ஏறுவதற்காக, சிலர் அந்த வேலைக்காகவே. எனக்குப் பிடித்தது அதில் வரும் ஒரு சின்னக் குழு. அலுவலக உதவியாளர்கள் 24 பேர், ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை. அவர்களே இந்த மூன்று பிரிவிலும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்து நின்றார்கள். ஆக, வேலையின் பெயரை வைத்து மனசைச் சொல்லிவிட முடியாது. ஐ.டி. என்றால் உயிர், ஷூ கம்பெனி என்றால் பிழைப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கூலிக்காக வேலைக்குப் போவது ஒரு குறையும் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிய காசில்தான் உங்கள் டிகிரி வந்தது. அம்மா "என்ன குறை?" என்று கேட்பது உங்களை மட்டம் தட்ட அல்ல. அவருக்கு வேலை என்றால் முறமும் முதுகுவலியும். வேலூர் வெயிலில் நிழலும் ஃபேனும் சின்ன விஷயமா? ஆனால் அவர் பார்க்காத ஒன்று உங்கள் மேஜையில் நடக்கிறது.

1976-ல் ஹேக்மன், ஓல்டம் என்ற ஆய்வாளர்கள் இருவர், ஒரு வேலையில் மனசு ஒட்டுவதற்கு ஐந்து காரணங்கள் சொன்னார்கள். பலவிதத் திறமைக்கு அதில் இடம் இருக்க வேண்டும். இது நான் செய்தது என்று முழுதாகக் காட்ட முடிய வேண்டும். அது இன்னொருவருக்கு முக்கியமாக இருக்க வேண்டும். நாலாவது, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை. ஐந்தாவது, செய்ததன் பலன் நமக்குத் தெரிவது. முதல் மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதை நாலாவதாலும் ஐந்தாவதாலும் பெருக்கினார்கள். பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். நாலாவதோ ஐந்தாவதோ பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். (பெருக்க வேண்டுமா, கூட்டினால் போதாதா என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள், அது நமக்கு வேண்டாம்.)

இப்போது நாற்பது ஜோடி நீல அப்பருக்கு வாருங்கள். திறமை இருந்தது, தழும்பைக் கண்டுபிடித்தீர்கள். முக்கியமான வேலைதான், போட்டு நடக்கப் போகிறவர் யாரோ ஒருவர் இருக்கிறார். ஆனால் டீ குடித்து வருவதற்குள் உங்கள் முடிவு பூஜ்யமாகிவிட்டது. பலன் உங்களுக்குத் தெரிந்தது திட்டாக மட்டும்தான், அதுவும் நீங்கள் செய்யாத தவறுக்கு. இந்த இரண்டும் இப்படி இருந்தால் யாருக்கும் ஞாயிறு சாயங்காலம் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். இது குணக்கோளாறு இல்லை.

தப்பான வேலையா என்றும் கேட்டிருந்தீர்கள். கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அம்மா, அண்ணன், டெஸ்ட் என்று எழுதிய வரிகள் எல்லாம் சோர்ந்து கிடக்கின்றன. தோலை மடக்கிப் பார்ப்பதைப் பற்றிய ஒரு வரி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. வேலை பிடிக்காதவர் அந்த வரியை எழுத மாட்டார்.

அதனால் ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, ஆர்டர், எத்தனை ஜோடி ஒதுக்கினீர்கள், என்ன குறை, அப்புறம் அது எங்கே போனது. முதல் மாதம் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். அடுத்து, ஷிப்மென்ட் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, சூப்பர்வைசரை விட்டுவிட்டு தரத்துக்குப் பொறுப்பானவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் ஒதுக்கியதை அனுப்ப வேண்டியிருந்தால் அனுப்புங்கள் சார், ஆனால் அனுப்புகிறவர் சீட்டில் கையெழுத்துப் போடட்டும்." முறைப்பார்கள் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். உங்கள் கம்பெனி நிலவரம் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வேலைக்கே ஆபத்து வரும் இடத்தில் வீரம் காட்டச் சொல்ல மாட்டேன்.

குரூப் 4 எழுதுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நிலையான சம்பளம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வேலை மாறிய மேலாளர்களைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்து 2005-ல் வந்த ஓர் ஆய்வில், மாறியதும் திருப்தி சர்ரென்று ஏறியது, பிறகு இறங்கியது. புதுமணத் தம்பதி கதைதான். தாலுகா ஆபீஸில் நீங்கள் எழுதும் குறிப்பையும் ஒருவர் அடித்துவிட்டுப் போகலாம். அப்போதும் இந்த நோட்டு உதவும்.

இன்னொரு வழி உங்கள் டிகிரியிலேயே இருக்கிறது, அண்ணனுக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருளில் குரோமியம் ஆறு என்ற நச்சுப் பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக்கூடாது. 2015 மே மாதத்திலிருந்து இது அங்கே சட்டம். அதைச் சோதித்துச் சொல்கிறவர்கள் யார்? கெமிஸ்ட்ரி படித்தவர்கள்தான். தோலைக் கையால் தொட்டும் தெரிந்துகொள்கிற கெமிஸ்ட்ரி பட்டதாரிகள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உங்களுக்குப் பொருந்தும் பயிற்சி என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சோதனைக்கூடங்களில் ஆள் எடுக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள். ஐந்து வருஷ செக்கிங் அனுபவத்தை விண்ணப்பத்தில் முதல் வரியாகப் போடுங்கள்.

வயிற்றுக் கலக்கம் மற்ற நாட்களுக்கும் பரவி, தூக்கமோ சாப்பாடோ கெட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாவுக்கு அந்த நாற்பது ஜோடி கதையைச் சொல்லியிருக்கிறீர்களா? சுற்றிக் கொடுத்த பீடியில் இருநூறை ஏஜெண்ட் சொத்தை என்று கழித்துவிட்டுக் கூலி பிடித்த நாள் அவருக்கும் இருந்திருக்கும். அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.