கட்டாயத் தாலியும் வராத காதலும்

கேள்வி: நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. மகள் உறங்கிய பிறகு கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து, ஒரு செயலியில் காதல் தொடர்கதைகள் எழுதுகிறேன். முதல் கதையை 38 அத்தியாயங்களில் முடித்தேன். இரண்டாவது கதை 12-ஆம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. நாயகன் முதல் அத்தியாயத்திலேயே நாயகிக்குக் கட்டாயத் தாலி கட்டிவிடுகிறான். அதன்பின் என்ன எழுதியும் இருவருக்கும் இடையே காதல் வரவில்லை. வாசகியரோ நாயகனின் கோபத்தை ரசித்து, அடுத்த யூடி (புதிய அத்தியாயம்) எப்போது என்று கேட்கிறார்கள். முதல் கதையை நூலாக்க ஒரு பதிப்பகத்தார் 30,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? காதல் கதையெல்லாம் ஓர் எழுத்தா என்று என் கொழுந்தனார் கேலி செய்வதும் வருத்தமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த பன்னிரண்டு அத்தியாயங்களையும் இரண்டு முறை வாசித்தேன். கதை நின்றுபோனதற்கு உங்கள் கற்பனை வறண்டுவிட்டதே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவள் கழுத்தில் தாலி கட்டியவனை, அவன் செய்தது தவறு என்று ஒருவர்கூட அவனிடம் சொல்லாத ஒரு வீட்டில் வைத்து, அவள் மனம் உருகவேண்டும் என்று நீங்கள் எழுத முற்படுகிறீர்கள். உங்கள் கை மறுக்கிறது. அவனை நீங்களே இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மறுப்பு உங்களுக்குள் இருக்கும் எழுத்தாளரின் நேர்மை என்றே நான் நினைக்கிறேன், அதை அதட்டி அடக்கிவிடாதீர்கள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் அவளுக்கு வைர நெக்லஸ் வாங்கித் தருகிறான். பத்தாம் அத்தியாயத்தில் மழையில் நனைந்து காய்ச்சலில் படுக்கிறாள், அவன் இரவெல்லாம் விழித்திருக்கிறான். இரண்டும் நாம் பலமுறை படித்தவை என்பதைக்கூட விட்டுவிடலாம். இரண்டிலும் அவன் தன் குற்றத்தின் அருகிலேயே வரவில்லை என்பதுதான் குறை. அவன் செய்ததைத் தன் வாயால், அவளுடைய தகப்பனார் முன்னிலையில், 'கோபத்தில் செய்தேன்' என்ற சாக்கு இல்லாமல் சொல்லும் ஓர் அத்தியாயம் உங்கள் கதைக்கு வேண்டும். அதைக் கேட்டதும் அவள் மன்னிக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாம், வேலைக்குப் போகலாம். போவதற்கு வழி திறந்திருக்கும்போது அவள் எடுக்கும் முடிவுக்குத்தான் காதல் என்று பெயர் வைக்க முடியும்.

வாசகியருக்குக் கோபம் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். இதுவரை அவனிடம் நீங்கள் தெளிவாக எழுதிக் காட்டிய உணர்ச்சி அது ஒன்றுதான், சகோதரி. ஆறடி உயரமும் ஈ.சி.ஆர். பங்களாவும் பதினாறு வேலைக்காரர்களும் இருக்கிறார்கள்; ஆனால் அவன் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறான் என்பது பன்னிரண்டு அத்தியாயங்களிலும் இல்லை.

மாறாக, நான்காம் அத்தியாயத்தில் ஒரு பத்தி வருகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை முடித்து வரும் நாயகி, வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகும் புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீங்கள் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்பது படித்தவுடனே தெரிந்தது. நாயகனை அந்த வாசலுக்குக் கொண்டுவாருங்கள். அவன் அந்தத் தூசியைப் பார்க்கிறான். எடுத்துவிடக் கை எழுகிறது. தனக்கு அந்த உரிமை இல்லை என்பது நினைவுக்கு வந்து கையைத் தாழ்த்திக்கொண்டு, 'புருவத்துல பஞ்சு இருக்கு' என்று மட்டும் சொல்கிறான். கட்டாயத் தாலி கட்டிய அதே கை இங்கே தானாகத் தாழ்வதை அவள் கவனித்துவிடுகிறாள். நெக்லஸ் செய்யாததை இது செய்யும்.

நம் சங்க அகப்பாடல்களின் திணைப் பகுப்பையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஐந்து திணைகளில் குறிஞ்சிக்கு மட்டுமே கூடல் உரியது. முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. இணைவதற்கு ஒரு பங்கும், இணைய முடியாமல் தவிப்பதற்கு நான்கு பங்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் முதல் அத்தியாயத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டதால் அந்த நான்கு பங்குக்கும் இடமில்லாமல் திணறுகிறீர்கள். உண்மையில் தாலி ஏறிய பிறகும் இருவரும் ஒரே கூரையின் கீழ் பிரிந்தே இருக்கிறார்கள். அந்தப் பிரிவை அவசரப்படாமல் எழுதுங்கள். எட்டுத்தொகை நூல்களுள் ஐந்து முழுக்க அகப்பொருள் பாடுபவை என்பதைக் கொழுந்தனாரிடம் ஒருமுறை சொல்லுங்கள். அதற்கு மேல் அவரிடம் வாதாட வேண்டாம், மகள் உறங்கிய பிறகு கிடைக்கும் நேரம் அதற்கானதன்று.

இனி அந்த 30,000 ரூபாய். கொடுக்காதீர்கள். பதிப்பாளர் என்பவர் தம் பணத்தைப் போட்டு, விற்பனையில் ஆசிரியருக்கு உரிமைத்தொகை தருபவர். ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண்ணுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது, ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். நான் என் முதல் நாவலை எழுத்தில் எதுவும் வாங்காமல் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் பதிப்பு வந்திருப்பதை ஒரு பேருந்து நிலையப் புத்தகக் கடையில் பார்த்துத்தான் அறிந்தேன். அன்று அந்தப் பிரதியைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். ஆகவே 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி இவ்வளவாவது தெரிந்துகொள்ளுங்கள்: எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை, உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டுகளாகக் கொள்ளப்படும். 'நிரந்தரமாக', 'எல்லா வடிவங்களிலும்' என்ற சொற்களைக் கண்டால் பேனாவை மூடிவிடுங்கள்.

அமேசான் கிண்டிலில் நீங்களே தமிழ் மின்னூலாக வெளியிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே 'செலக்ட்' திட்டத்தில் சேர்த்தால் 90 நாள்களுக்கு அந்தக் கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. எனவே முதலில் செயலியிலிருந்து அத்தியாயங்களை நீக்கிவிடுங்கள், அப்படி நீக்க அந்தச் செயலியின் விதிகள் இடம் தருகின்றனவா என்பதையும் படித்துவிடுங்கள்.

வாசகியரிடம் மூன்று வார அவகாசம் கேளுங்கள். காத்திருப்பார்கள். அதற்குள் மன்னிப்பு அத்தியாயத்தையும், அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் அத்தியாயத்தையும், அதற்குப் பின் வரும் மூன்றையும் எழுதி கையிருப்பாக வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக வெளியிடுங்கள். அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். நூற்பாலைக் கணக்கு உங்களுக்குத் தெரிந்தது, பஞ்சு விலை ஏறிய வாரத்தில் ஒரு மில் முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.